முழங்காலுக்குப் போட்ட மாத்திரை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம். அங்கே நீயும் உடம்பாலும் மனசாலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு வேண்டியது. கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவும் தேடினார் என்று நீ நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் அதை நீ முடித்துவிடுகிறாய், நீ முடிக்கிற விதமும் நான் சொல்ல வந்த விதமாக இருப்பதில்லை. காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி. நடுவில் கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டுப் பிறகு படி, ஆனால் கடைசிவரை படி.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. பிடுங்கின பல்லைப் பஞ்சில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்து, இத்தனூண்டு இருந்துக்கிட்டு என்ன பாடு படுத்துச்சு பாருங்க என்று என்னிடம் காட்டினாள், ஏதோ நான் அனுப்பிவைத்த பல் மாதிரி. மாடியில் குடியிருந்த தையல்காரர் காலிசெய்துவிட்டுப் போய்விட்டார், மெஷின் சத்தம் இல்லாமல் அம்மாவுக்கு மத்தியானத் தூக்கம் வரமாட்டேன் என்கிறதாம். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டோம், அவரும் வந்து வந்து சரிசெய்தார், இப்போது முன்பைவிட நன்றாக ஒழுகுகிறது. உன் அக்காவைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் பின்னால் வருகிறேன், அதற்காகத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த விஷயமாக இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் ஒழுங்காக வரும். டிரைவிங் ஸ்கூல் கார் எப்படி இருக்கும் என்று நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவன். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங் முன்னால், நான் பக்கத்து இருக்கையில். என் காலடியில் தனியாக ஒரு பிரேக். எனக்கு ஸ்டியரிங் கிடையாது, ஆக்சிலேட்டர் கிடையாது, ஹாரன்கூடக் கிடையாது, அந்த ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டுதான் உங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கினேன். நல்ல வாத்தியார் அதை மிதிக்கவே மாட்டான், மிதித்தால் கற்றுக்கொள்கிறவனுக்குத் தன்மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும். ஆனால் காலை எடுத்துக் கீழேயும் வைக்க முடியாது. பிரேக்குக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் காலைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும், காலையிலிருந்து சாயங்காலம்வரை. அப்படி வருஷக்கணக்காகத் தூக்கி வைத்திருந்த வலது முழங்கால் போன வருஷம் வீங்க ஆரம்பித்தது. தெருமுனை டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, தேய்மானம்தான் சார், வலிக்கு ஒரு மாத்திரை எழுதறேன், ஒரு வாரம் போடுங்க, சாப்பிட்டுட்டுப் போடுங்க, குறையலைன்னா திரும்ப வாங்க என்றார். குறைந்துவிட்டது. குறைந்துவிட்டதால் அவரிடம் திரும்பப் போகவில்லை, மாத்திரையை மட்டும் விடவில்லை. அது என்ன பெரிய மருந்தா, தலைவலிக்கும் இடுப்பு வலிக்கும் ஊரே வாங்கிப் போடுகிற மாத்திரை, கடையில் யாரும் சீட்டுக் கேட்பதில்லை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, வண்டி அதிகம் ஓடின அன்று சாயங்காலம் இன்னொன்று. படி ஏறினேன், இறங்கினேன், எனக்குப் பழைய கால் திரும்பிவிட்டது என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் படபடப்பு வந்தது. எப்படி வந்தது என்று நான் உங்கள் ஒருவரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, சொல்லவிட்டால்தானே. சிக்னலில் நிற்கிறோம், பச்சை விழப்போகிறது, அவ்வளவுதான், அதற்கே நெஞ்சு திடுதிடுவென்று அடித்துக்கொள்ளும். யாரோ துரத்திக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும், கண்ணாடியில் பார்த்தால் ஒரு பால் வண்டி நிற்கும். டீ கிளாஸைத் தூக்கினால் கை தாளம் போடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருக்கோடிவரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன், மறுபடி போய் மறுபடி வருவேன். எதிர்வீட்டுக்காரர் என்ன சார் நடைப்பயிற்சியா என்று கேட்டார், ஆமாம் என்றேன். போன் மணி அடித்தால் உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவேன். படுத்தால் தூக்கம் வராது, உடம்பு அசந்து கிடக்கும், உள்ளே மட்டும் யாரோ இஞ்சினை அணைக்காமல் விட்டுவிட்டுப் போன மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அம்மாவிடம் சொன்னேன். தண்ணியைக் குடிச்சிட்டுச் சும்மா படுங்க, நீங்களா எதையாவது நினைச்சுக்கிறீங்க என்றாள். அப்போது அவள் பல்வலியில் இருந்தாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பெண் அப்போது என்னிடம் கற்றுக்கொண்டிருந்தாள். எதிரே சைக்கிள் வந்தால்கூட ஐயோ என்று கத்துவாள், அதனால் ஐயோ மேடம் என்றே பேர் வைத்திருந்தேன், அவளும் சிரித்துக்கொள்வாள். ஒருநாள் அவள் வளைவில் அழகாகத் திரும்பிக்கொண்டிருக்கிறாள், நான் ஐயோ என்று கத்திப் பிரேக்கை மிதித்துவிட்டேன். ரோட்டில் ஈ காக்கை இல்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, சார், மெதுவா மூச்சை இழுத்து விடுங்க, தோளைத் தளர்த்துங்க, நீங்கதானே எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் இறங்கிப் போன பிறகு நான் காருக்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அழுத்தி மிதித்ததில் முழங்கால் மறுபடி வீங்கிக்கொண்டது, வீட்டுக்கு வந்து இன்னொரு மாத்திரை போட்டேன். மிதித்தால் வலி, வலித்தால் மாத்திரை, மாத்திரை போட்டால் படபடப்பு, படபடத்தால் திரும்ப மிதிப்பேன். இப்போது எழுதும்போது சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிறது. அன்றைக்கு அதற்குள் சுற்றிக்கொண்டிருந்தவனுக்குப் புரியவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு மத்தியானம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கூட்டமுமில்லை, ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. திடீரென்று மூச்சு முட்டி, இந்த பஸ் நிற்காது, என்னை இறக்கிவிட மாட்டார்கள் என்று ஒரு பயம். எழுந்து நின்று கத்திவிட்டேன். கண்டக்டர் என்னைக் குடிகாரன் என்று நினைத்து இறக்கிவிட்டார். நிழற்குடையில் உட்கார்ந்து உனக்குப் போன் போட்டேன். அக்கா பக்கத்துத் தெருவில் இருக்கிறாள், அம்மா வீட்டில் இருக்கிறாள், இருந்தும் எனக்கு உன் நம்பர்தான் விரலுக்கு வந்தது. தம்பி, எனக்கு என்னமோ பண்ணுதுப்பா என்றேன். அப்பா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன் என்றாய். சரி, வேலை என்றால் வேலைதான். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பஸ் வந்தது, போனது. நிழல் நகர்ந்து வெயில் காலில் விழுந்தது. நீ கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது அம்மாவிடம் பல்லைப் பற்றிப் பேசிவிட்டு, அப்பா நல்லா இருக்காரில்ல என்று அவளிடமே கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

பிறகு அந்த மேம்பால விஷயம். ஸ்டியரிங்கில் இருந்தவர் சலூன் வைத்திருக்கிறவர், நல்ல கை, அடுத்த வாரம் டெஸ்டுக்குப் போக வேண்டியவர். பாலத்திலிருந்து இறங்கும்போது காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்து குறுக்கே வந்தது. என் கண்ணுக்கு அது பையாகத் தெரியவில்லை. முழு பலத்தோடு மிதித்தேன். பின்னால் வந்த ரொட்டி வேன்காரர் என்ன செய்வார், பாவம், வந்து மோதினார். சலூன்காரருக்கு உதடு ஸ்டியரிங்கில் பட்டுக் கிழிந்தது. சட்டையெல்லாம் ரத்தம். அந்த நிலைமையில் அவர் என் தோளைத் தட்டி, ஒண்ணுமில்ல சார், பதறாதீங்க, ஒண்ணும் ஆகலை என்றார். அடிபட்டவர் அவர், நடுங்கினவன் நான். அன்றைக்குத் தப்பு என்னுடையதுதான், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. அவருக்குக் காயம் ஆறும்வரை தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

வேன் மோதின அன்றே சாயங்காலம் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தீர்கள். அம்மா, அக்கா, மாப்பிள்ளை, சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்த போனில் நீ. மாப்பிள்ளை பேச்சை ஆரம்பித்தார். மாமா, தப்பா எடுத்துக்காதீங்க, ஊர்ல பேச ஆரம்பிச்சுட்டாங்க, ஸ்கூல் பேர் கெட்டுடும் என்றார். நான் ஆரம்பித்து நான் பேர் வைத்த ஸ்கூல். மாப்பிள்ளை அங்கே ஆபீஸ் வேலை பார்க்க வந்தவர், கியர் மாற்றும்போது பல்லைக் கடிக்கிறவர். அதெல்லாம் நான் அப்போது சொல்லவில்லை. எனக்கு ஏதோ உடம்புக்கு முடியலை, நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க என்றுதான் சொன்னேன். அதற்கு நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. அப்பா, இது உடம்பு இல்லப்பா, வயசு, ஒத்துக்கங்க, மரியாதையா நீங்களே ஒதுங்கிக்குங்க, இல்லைன்னா ஒருநாள் யாரையாவது கொன்னுட்டுத்தான் நிறுத்துவீங்க என்றாய். அக்கா அழுதாள், ஆனால் தம்பி சொல்றதுதான் சரி என்று சொல்லிக்கொண்டே அழுதாள். சாவியை நானேதான் எடுத்து மேஜைமேல் வைத்தேன். யாரும் பிடுங்கவில்லை. வைக்கும்போது கை நடுங்கியது. நீங்கள் எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தீர்கள், முகத்தைப் பார்த்தவர் ஒருவருமில்லை.

மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்றும் கேட்டார். மாப்பிள்ளை உடனே, சுகர் இல்ல, பிரஷர் இல்ல, மருந்துன்னு எதுவுமே எடுக்கிறதில்ல சார் என்றார். நானும் தலையை ஆட்டினேன். இதில் மாப்பிள்ளை பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். வலி மாத்திரையை மருந்துக் கணக்கில் யார் சேர்க்கிறார்கள், எனக்கே தோன்றவில்லை, சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருக்கிறது. ஆனால் கேள்வி என்னைப் பற்றியது, பதில் அவரிடமிருந்து வந்தது, அது மட்டும்தான் எனக்கு உறுத்தியது. வீட்டிலும் அப்படித்தான் ஆகிவிட்டது. நான் உட்கார்ந்திருக்கும்போதே என்னைப் பற்றி, சாப்பிட்டாரா, தூங்கினாரா, இன்னிக்கு எப்படி இருக்கார். ஒருநாள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் தாழ்ப்பாள் இல்லை. மாப்பிள்ளை ஸ்குரூ டிரைவரோடு வந்து கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு பாதுகாப்புக்குத்தான்ப்பா என்றாள் அக்கா. அன்றிலிருந்து நான் குளிக்கும்போது ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சத்தம்போட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தேன், உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. அதைக் கேட்டுவிட்டு, தனியாகப் பாடிக்கொள்கிறார் என்று உனக்குச் சேதி வந்திருக்கிறது. நீ அதற்கு என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

வேலை இல்லை, வண்டி இல்லை, ஆனால் படபடப்பு மட்டும் அப்படியே இருந்தது. வீட்டில் சும்மா இருக்கும்போதும் இப்படி நடுங்குகிறாரே, நாம் செய்தது சரிதான் என்று உங்களுக்கெல்லாம் நிம்மதி. முழங்கால் வலி விடவில்லை என்பதால் மாத்திரையும் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் என்னைக் காப்பாற்றினது என் வயிறு. நெஞ்சுக்குக் கீழே தீ வைத்த மாதிரி எரிய ஆரம்பித்து, வாந்தியும் சேர்ந்துகொண்டது. அம்மா இந்தமுறை யாரிடமும் யோசனை கேட்காமல் என்னை ஆட்டோவில் ஏற்றி வயிற்று டாக்டரிடம் கொண்டுபோனாள். ஒரு பெண் டாக்டர். சிரிக்கவே சிரிக்காத முகம். வாயில போடறது எல்லாத்தையும் சொல்லுங்க, கடையில நீங்களா வாங்கறதையும் சேர்த்து என்றார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து வைத்தேன். அதை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, எவ்வளவு நாளா என்றார். சொன்னேன். தினமுமா என்றார். ஆமாம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு வயிற்றை விட்டுவிட்டு, தூக்கம் எப்படி, பயம் வருதா, கை நடுங்குதா என்று கேட்டார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மாதான், ஆமாம்மா, எல்லாம் இருக்கு, அதுக்குத்தான் வேலையை விட வச்சுட்டோம் என்றாள். டாக்டர் நிதானமாகச் சொன்னார். வயிறு எரியறது இந்த மாத்திரையாலதான் இருக்கும். இந்தப் படபடப்பும் சிலருக்கு இதால வரலாம், எல்லாருக்கும் வராது, இவருக்கு இதாலதான் வந்துச்சுன்னு நான் இப்ப அடிச்சுச் சொல்ல மாட்டேன், நிறுத்திப் பார்ப்போம், நின்னா தெரிஞ்சுடும், நிக்கலைன்னா வேற தேடணும் என்றார். முழங்காலுக்குப் பயிற்சி எழுதிக்கொடுத்தார், ஒரு பட்டி போட்டுக்கொள்ளச் சொன்னார், வயிற்றுக்கு மருந்து கொடுத்தார். அவ்வளவுதான்.

நின்றது, தம்பி. ஒரேயடியாக நிற்கவில்லை, மழை விடுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. முதலில் தூக்கம் வந்தது. பிறகு ஒரு காலையில் டீயைக் குடித்து முடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைக்கும்போதுதான் கவனித்தேன், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அடுக்களைக்குள் போய்விட்டாள், மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, நான் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுங்கன்னு சொன்னேனே என்றாள். இந்த வீட்டில் வருத்தப்பட்டு வாயைத் திறந்த ஒரே ஆள் அவள்தான். முழங்கால் இப்போதும் வலிக்கிறது, மழை வந்தால் அதிகம். வலிக்கட்டும். பயத்தைவிட வலி எவ்வளவோ மேல், அது இருக்கிற இடமாவது தெரியும்.

பட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். போர்டில் புதுப் பெயின்ட். என் பேர் இருந்த இடத்தில் மாப்பிள்ளையின் பேர். உள்ளே என் மேஜையில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி உட்கார்ந்திருந்தான், உங்களுக்கு என்ன வேணும் என்று என்னைக் கேட்டான். மாப்பிள்ளை ஓடிவந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, டாக்டர், நிறுத்தினது, கையை நீட்டியும் காட்டினேன். ரொம்ப சந்தோஷம் மாமா என்றார். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னார். பிறகு, ஆனா ஸ்டூடன்ட்ஸ்கிட்ட என்னன்னு சொல்றது மாமா, உங்களுக்கு மனசு சரியில்லைன்னு சொல்லித்தான் எல்லாரையும் மாத்தி விட்டோம், இப்ப மாத்திரைன்னா யாரு நம்புவாங்க, அந்தப் பழைய காரையும் குடுத்தாச்சு என்றார். அக்காவிடம் போனேன். அவள், அப்பா, இவ்வளவு காலம் ஓடினது போதாதா, இப்பத்தான் நாங்க நிம்மதியா இருக்கோம், நீங்களும் ரெஸ்ட் எடுங்களேன் என்றாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள். நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்கு என்மேல் பகை ஒன்றும் இல்லை. என் வியாதி அவர்களுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். நான் குணமானதுதான் இடைஞ்சல்.

உனக்கும் சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா? பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஓ, மாத்திரையாலயா, சரி, நல்லதாப் போச்சு, விடுங்கப்பா, முடிஞ்சதை எதுக்குப் பேசிக்கிட்டு என்றாய். முடிந்துவிட்டது என்று நீ எப்படி முடிவு செய்தாய் தம்பி? உன் அப்பா ஒரு கொலைகாரன் ஆவான் என்று அக்கா மாப்பிள்ளை முன்னால் சொன்னவன் நீ. அந்தச் சொல் மாத்திரையோடு சேர்ந்து நிற்கவில்லை. நீ அதைத் திரும்ப எடுத்துக்கொள்வாய் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். நீ சாப்பிட்டாச்சா என்று கேட்டாய். சாப்பிட்டாச்சு என்றேன். மாத்திரைமேல் எனக்குக் கோபமில்லை, அது முழங்காலுக்கு வந்தது, வந்த இடத்தில் தன் வேலையையும் செய்தது, கூட ஒரு வேலையும் செய்துவிட்டது. தெருமுனை டாக்டர்மேலும் கோபமில்லை, ஒரு வாரம் என்றுதான் அவர் சொன்னார். நான் பயந்துபோய் நின்றபோது, என்னப்பா பயம், எப்போ ஆரம்பிச்சுது, என்ன சாப்பிடறீங்க, என்ன மாறியிருக்கு என்று ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கலாம். புது ஆள் ஒருவன் காரில் நடுங்கினால் நான்கூட முதலில் அதைத்தான் கேட்பேன். நீங்கள் யாரும் கேட்கவில்லை. வயசு என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை அல்லவா.

இனி ஒரு சேதி, இது அக்காவுக்கு இன்னும் தெரியாது, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது தெரிந்திருக்கும். நம் ஸ்கூலுக்கு நேர் எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறதே, முறுக்கு மீசைக்காரர் வைத்திருக்கிறது. அவருக்கும் எனக்கும் எத்தனை வருஷச் சண்டை என்று உனக்குத் தெரியும். என் போர்டை மறைத்துப் பேனர் கட்டுவார், அவர் ஆளை நான் இழுப்பேன், என் ஆளை அவர் இழுப்பார், டெஸ்ட் மைதானத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். இன்றைக்குக் காலையில் அவர் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். என் கதை ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாமல் இருக்குமா. நான் மாத்திரை என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து, ரோட்டோரம் நின்ற காரைக் காட்டி, முதல்ல நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காருறேன் என்றார். பக்கத்து இருக்கையில் அவர், அவர் காலடியில் பிரேக். கடைத்தெரு, பள்ளிக்கூட வாசல், அந்த மேம்பாலம், எல்லா இடமும் சுற்றி வந்தேன். அவர் ஒருமுறைகூடப் பிரேக்கை மிதிக்கவில்லை. திரும்பி வந்து வண்டியை நிறுத்தினதும், நடுங்குதா என்று கேட்டார். இல்ல என்றேன். அப்ப நாளைலருந்து வாங்க, சலூன்காரர் இன்னும் டெஸ்டுக்குப் போகாம உங்களுக்காகத்தான் உக்காந்திருக்காரு, முடி வெட்டும்போது என்கிட்டயே சொன்னாரு, அவர்லருந்து ஆரம்பிங்க என்றார். பெற்ற பிள்ளையிடம் கேட்டுக் கிடைக்காதது, ஆயுசுக்கும் சண்டை போட்டவனிடம் கிடைத்தது. அவர் என்னை நம்பினார் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்த்தார். அது போதும் எனக்கு. நீங்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

நாளையிலிருந்து தினமும் காலையில் மாப்பிள்ளை ஷட்டரைத் தூக்கும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நான் நிற்பேன். பழிவாங்க என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு வேலை வேண்டும், அவர்தான் கொடுத்தார். அக்கா உனக்குப் போன் செய்து அழுவாள், அப்பாவுக்கு மறுபடி புத்தி பிசகிவிட்டது என்பாள். நீ சர்க்கரை டப்பாமேல் சாய்ந்து உட்கார்ந்து இன்னொரு தீர்ப்புச் சொல்லாமல் இருந்தால் போதும்.

நல்லபடியாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள், வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்கும் தோள்வலி என்று அம்மா சொன்னாள். வலி மாத்திரையே போடாதே என்று சொல்ல மாட்டேன், தேவைப்பட்டால் போடு, எத்தனை நாள் என்று டாக்டரைக் கேட்டுப் போடு, அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நீ என்ன விழுங்குகிறாய் என்று அவரிடம் வாயைத் திறந்து சொல். அங்கே உனக்கு எப்போதாவது காரணமே இல்லாமல் பயம் வந்தால், எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய். காரை ஓரமாக நிறுத்திவிட்டு எடுப்பேன். உன்மேல் எனக்கு உள்ள வருத்தம் அப்படியே இருக்கிறது, இந்தக் கடிதம் எழுதினதால் குறையவில்லை. அது பாட்டுக்கு அது இருக்கட்டும், நீ நூறாண்டு குறைவில்லாமல் வாழ வேண்டும் என்கிற ஆசியும் அது பாட்டுக்கு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அப்பா எப்படி இருக்கார் என்று அம்மாவிடம் கேட்காதே. போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, என்னைக் கேள்.

இப்படிக்கு,
பக்கத்து நாற்காலியில் இருக்கிற
உன் அப்பா